பால்பல் விழும் பருவம்: நாய்க்குட்டியின் கடியும் நம் கடமையும்

மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்லிவிடும் திறமை நம் உழவர்களுக்கு வழிவழியாக வந்தது. இரண்டு பல் போட்ட காளை, நாலு பல் போட்ட பசு, எட்டுப் பல்லும் சேர்ந்த மாடு என்று சந்தையில் பேசிக்கொள்வதைக் கேளாதவர் இலர். ஆனால் அதே வீட்டு வாயிலில் கிடக்கும் நாய்க்குட்டியின் வாயை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அது கையைக் கடிக்கிறது, வேட்டி நுனியைப் பற்றி இழுக்கிறது, குழந்தையின் காலைக் கவ்வுகிறது என்ற குறை எழும்பொழுதுதான் அதற்குப் பல் இருப்பதே நினைவுக்கு வருகிறது. அப்பொழுதும் நாம் கையில் எடுப்பது கோலைத்தான்.

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் கடற்கரையிலும், அதற்கு அப்பால் மீஞ்சூர் ஊராட்சி ஒன்றியத்துச் சிற்றூர்களிலும் நாய் இல்லாத தெருவைக் காண்பது அரிது. மீன்பிடித் துறைமுகத்தில் படகையும் வலையையும் காக்கவும், சரக்குக் கிடங்குகளிலும் லாரி நிறுத்துமிடங்களிலும் இரவுக் காவலுக்கும், வயற்புறத்தில் ஆட்டுக் கிடையையும் களத்து நெல்லையும் காக்கவும் நாய் வேண்டியிருக்கிறது. இவற்றுள் பல, தெருவில் ஈன்ற தாயிடமிருந்து பால்குடி மறவாத நிலையிலேயே தூக்கி வரப்பட்ட குட்டிகள். சில வாரங்கள் கொஞ்சப்படுகின்றன. கடிக்கத் தொடங்கியதும் அடிபடுகின்றன. பின்னர்ச் சங்கிலியில் கட்டப்படுகின்றன. அல்லது தெருவிலேயே விடப்படுகின்றன. ஓராண்டு கழித்து அந்நாய் வழிப்போக்கரைக் கடித்துவிட்டால், “அது பிறவியிலேயே பொல்லாதது” என்று சொல்லிவிடுகிறோம்.

உண்மை அதுவன்று. பால்பல் முளைத்தது முதல் நிலைப்பல் நிறைந்து முடியும் வரையிலான ஏழு மாதங்களுக்குள், தன் வாயை எவ்வளவு அழுத்தலாம் என்பதை நாய் கற்றுக்கொள்கிறது. அதைக் கற்பிக்கும் பொறுப்பு வளர்ப்பவரைச் சேர்ந்தது. தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்னும் முதுமொழி மனிதருக்கு மட்டும் உரியதன்று. இக்கல்வியை எவ்வாறு நடத்துவது, இப்பருவத்தில் வீட்டாரையும் குட்டியையும் எவ்வாறு காப்பது, இதில் ஊராட்சிக்குள்ள பங்கு யாது என்பனவற்றை இங்கே விளக்குவோம்.

பற்களின் கணக்கு

பிறக்கும்பொழுது நாய்க்குட்டிக்குப் பல் இல்லை, கண்ணும் திறந்திராது. ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பால்பற்கள் ஈறைக் கீறிக்கொண்டு வெளிவரத் தொடங்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் 28 பால்பற்களும் முளைத்துவிடும். இவற்றுள் வெட்டுப்பற்கள் 12, கோரைப்பற்கள் 4, முன்கடைவாய்ப்பற்கள் 12. இப்பற்கள் ஊசிபோல் கூரியவை. ஆனால் இவற்றைத் தாங்கும் தாடை வலிவற்றது. ஆகவே குட்டி சிறிது அழுத்தினாலும் எதிரில் இருப்பவருக்கு வலிக்கும். பெருங்காயம் நேர்வது அரிது. தன் வாயின் வலிமையைக் குட்டி அறிந்துகொள்வதற்கு இதைவிட ஏற்ற காலம் வேறில்லை.

மூன்றரை அல்லது நான்காம் மாதத்தில் முன்வெட்டுப்பற்கள் ஆடி விழத் தொடங்கும். ஐந்து, ஆறு மாதங்களில் கோரைப்பற்களும் முன்கடைவாய்ப்பற்களும் மாறும். ஏழாம் மாதத்துக்குள் பின்கடைவாய்ப்பற்களும் சேர்ந்து, மேல்தாடையில் 20, கீழ்த்தாடையில் 22 ஆக 42 நிலைப்பற்கள் நிறைந்துவிடும். நம் குழந்தைகளுக்குப் பால்பற்கள் 20, நிலைப்பற்கள் 32 என்பதையும், அவை மாறி முடியப் பல ஆண்டுகள் ஆகும் என்பதையும் எண்ணிப் பார்த்தால், நாய்க்குட்டியின் வாயில் மூன்று நான்கு மாதங்களுக்குள் எத்துணை மாறுதல் நிகழ்கிறது என்பது விளங்கும்.

இக்கணக்கால் ஒரு பயனும் உண்டு. தெருவிலிருந்து எடுத்த குட்டிக்கு வயது தெரியாதெனில் அதன் வாயைப் பார்க்கலாம். நடுவிலுள்ள வெட்டுப்பற்கள் விழுந்து, அகன்ற புதுப்பற்கள் தலை காட்டியிருந்தால் குட்டிக்கு நான்கு மாத அளவு ஆகிறது என்று கொள்ளலாம். வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டிய மூன்றாம் மாதம் கடந்துவிட்டது என்பதற்கும் அதுவே அடையாளம்.

பல் மாறும் காலத்தில் ஈறு சிவந்து தினவெடுக்கும். குட்டி கண்டதையெல்லாம் மெல்லும். மென்ற பொருளில் சிறிது இரத்தம் படிந்திருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. விழுந்த பல்லைக் குட்டி விழுங்கிவிடுவதும் உண்டு, அதனால் கேடில்லை. ஆனால் பால் கோரைப்பல் விழாமல் நிற்க, அதன் பக்கத்திலேயே நிலைக் கோரைப்பல் முளைத்து வருமாயின் கால்நடை மருத்துவரிடம் காட்டல் வேண்டும். இரண்டும் ஒருங்கே நின்றால் பல்வரிசை கோணும். இடையில் உணவு தங்கி ஈறு கெடும்.

குட்டி ஏன் கடிக்கிறது?

நமக்குக் கை எப்படியோ அப்படி நாய்க்கு வாய். ஒரு பொருள் மெத்தென்றிருக்கிறதா, கடினமா, உயிருள்ளதா என்பதை அது வாயால்தான் அறிகிறது. ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் ஒன்றையொன்று கவ்வி உருள்வதைக் கண்டிருக்கிறோம். அவ்விளையாட்டில் ஒன்று மிக அழுத்திவிட்டால் மற்றது ‘கீச்’சென்று கத்தி விலகிவிடும். விளையாட்டு நின்றுவிடும். பால் குடிக்கையில் மடியைக் கடித்தால் தாய் எழுந்து போய்விடும். அழுத்தினால் தோழமையும் பாலும் போய்விடும் என்ற பாடத்தைக் குட்டி இவ்வாறு நாள்தோறும் கற்கிறது.

ஒரு மாதத்தில் தாயிடமிருந்து பிரித்த குட்டி இப்பாடத்தை முடிக்காமல் வருகிறது. அதனால்தான் எட்டு வாரம் நிறையும் முன்னர்க் குட்டியைப் பிரிக்கலாகாது என்கிறோம். “சிறிதாய் எடுத்தால்தான் நம்மிடம் ஒட்டும்” என்ற எண்ணம் தவறானது. எட்டு வாரத்தில் வந்த குட்டியும் நம்மிடம் ஒட்டும். கூடவே தன் வாயை அடக்கவும் ஓரளவு அறிந்திருக்கும். தாய் லாரியில் அடிபட்டு இறந்து, வேறு வழியின்றிச் சிறு குட்டியை எடுக்க நேர்ந்தால், உடன்பிறந்த குட்டிகளைச் சில வாரங்களேனும் சேர்த்தே வைத்து வளர்ப்பது நன்று.

கடியைத் தணிக்கும் முறை

முறை எளிது, ஆனால் வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒன்றுபோலக் கைக்கொள்ள வேண்டுவது.

குட்டியின் பல் தோலில் பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு, இழுத்த கையை அது மேலும் இறுகப் பற்றும், தோலும் கிழியும். கையை அசையாமல் தளர விடுங்கள். “ஆ” என்று ஒருமுறை சொல்லி, விளையாட்டை நிறுத்தி, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். குட்டி மேலும் பாய்ந்தால் எழுந்து, கதவுக்கு அப்பாலோ தடுப்புக்கு அப்பாலோ போய்விடுங்கள். பத்து இருபது நொடி போதும். பின்னர் அமைதியாகத் திரும்பி வந்து மீண்டும் விளையாடுங்கள். வேட்டியையோ முந்தானையையோ பற்றி இழுத்தாலும் இதே முறைதான். நின்ற இடத்தில் மரம்போல் நில்லுங்கள். அசையாத பொருளில் குட்டிக்குச் சுவை இல்லை.

விளையாட்டை நிறுத்துவது பாதி வேலை. கடிக்கத் தக்க பொருளை வாயில் கொடுப்பது மறுபாதி. ‘கடிக்காதே’ என்பது குட்டிக்கு விளங்காது. ‘இதைக் கடிக்கலாம்’ என்பது விளங்கும். அது தக்க பொருளை மெல்லும்போது தடவிக்கொடுத்துப் பாராட்டுங்கள். இரண்டொரு நாளில் பயன் தெரியவில்லையே என்று சோர்வடைய வேண்டா. இம்முறையை இடைவிடாது கைக்கொண்டால் முதலில் கடி மெதுவாகும், பின்னர் அரிதாகும், நிலைப்பல் நிறையும் காலத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். தந்தை கண்டித்ததை மகன் ஊக்கினால் மட்டும் ஒன்றும் நடவாது. வெறுங்கையை ஆட்டிக் கடிக்கத் தூண்டும் விளையாட்டை வீட்டில் ஒருவரும் ஆடலாகாது.

தூக்கத்தையும் உணவையும் கவனித்தல் வேண்டும். இளங்குட்டி நாளில் பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உறங்கும். உறக்கம் கலைக்கப்பட்ட குட்டி அழும் குழந்தையைப் போலவே அடங்காது கடிக்கும். மாலையில் காரணமின்றிக் கடித்துக் குதிக்கும் குட்டிக்குப் பல நேரங்களில் வேண்டியது அடியன்று, இருண்ட மூலையில் ஓர் உறக்கம். மூன்று நான்கு மாதம் வரை ஒரு நாள் உணவை மூன்று நான்கு வேளையாகப் பகிர்ந்து கொடுப்பது நன்று.

மெல்லத் தக்கவையும் தகாதவையும்

பழைய பருத்தித் துணியை முறுக்கி முடிச்சிட்டு, நனைத்துப் பிழிந்து, பானைத் தண்ணீரிலோ குளிர்பெட்டியிலோ குளிரவைத்துக் கொடுத்தால் ஈற்றின் தினவு தணியும். குளிர்ந்த பெரிய கேரட்டும் ஏற்றது. நாய்களுக்கென்றே விற்கும் கெட்டியான ரப்பர்ப் பொருள்கள் வாய்க்குள் முழுதும் அடங்காத அளவில் இருத்தல் வேண்டும். நகத்தால் அழுத்தினால் சிறிதும் பதியாத கடும்பொருள் பல்லை உடைக்கும். துணி நூலாய்ப் பிரியத் தொடங்கியதும் எறிந்துவிடுங்கள். பழைய செருப்பைக் கொடுப்பவர் பலர். பழைய செருப்புக்கும் புதிய செருப்புக்கும் குட்டி வேறுபாடு அறியாது; நாளை விருந்தினர் செருப்புப் போய்விடும்.

நம் கடற்கரைக்கும் தொழிற்பகுதிக்கும் உரிய தனி இடர்கள் சில உள்ளன. காசிமேட்டிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் வலை சீர்செய்யும் இடத்தில் நைலான் நூல்துண்டுகள் சிதறிக் கிடக்கும். மீன்வாடை வீசுவதால் குட்டி அவற்றை ஆவலுடன் மெல்லும். விழுங்கிய நூலின் ஒரு முனை எங்கேனும் சிக்கிக்கொண்டால், குடல் தன் அசைவினாலேயே நூலின்மேல் சுருங்கி அறுபடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கக் கண்டால் அதைப் பிடித்து இழுக்கவே கூடாது. கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். தூண்டில் முள் உதட்டில் தைத்தாலும் அவ்வாறே. பின்னோக்கி இழுத்தால் முள்ளின் கொக்கி சதையைக் கிழிக்கும். மீன் பெட்டிகளின் தெர்மகோல் துண்டுகளும் குடலை அடைக்கும். கரையில் கழித்தெறியப்படும் பேத்தை மீன் நச்சுடையது. குட்டி அதனை அணுகவே விடக்கூடாது. சமைத்த கோழியெலும்பு கூராய்ப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் தைக்கும். கருவாட்டின் உப்பும் குட்டிக்கு ஆகாது.

லாரி நிறுத்துமிடங்களில் பொறியைக் குளிர்விக்கும் நீர்மம் ஒழுகித் தேங்கினால் அதன் இனிப்புக்காக நாய் நக்கும். அதில் கலந்துள்ள கிளைக்கால் என்னும் பொருள் சிறுநீரகத்தை அழித்துவிடும். கிடங்குகளிலும் நெற்களங்களிலும் வைக்கும் எலிப்பாஷாணம் குட்டிக்கு எட்டாதவாறு இருத்தல் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததை அப்பகுதி மக்கள் மறந்திரார். அத்தகைய காலங்களில் உடலில் ஒட்டிய எண்ணெயை நாய் நக்கித் தீர்க்க முயலும். எண்ணெய் பட்ட குட்டியை, அது நக்கும் முன்னரே, பாத்திரம் துலக்கும் சோப்பு நீரால் கழுவிவிட வேண்டும்.

அடியும் சங்கிலியும்

குட்டி கடித்தால் மூக்கில் அடிப்பதும், வாயை இறுகப் பிடிப்பதும், நாக்கில் மிளகாய் தடவுவதும் இன்னும் சிலரிடம் காணும் வழக்கங்கள். அடியால் குட்டி கற்பது ஒன்றே: கை அருகில் வந்தால் வலி வரும். பின்னர் அன்புடன் நீளும் கையைக் கண்டாலும் அஞ்சும். அஞ்சிய நாய் கடிக்கும். அடிக்கு அஞ்சி உறுமலை நிறுத்திவிட்ட நாய் மேலும் ஆபத்தானது. அது எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும். உறுமல் நமக்கு நாய் தரும் முன்னறிவிப்பு. அதனை அடித்து அடக்கலாகாது.

நாளெல்லாம் சங்கிலியில் கட்டினால்தான் காவல் நாய் கூர்மையாகும் என்பதும் தவறான நம்பிக்கை. அவ்வாறு வளர்ந்த நாய் கள்வனையும் அஞ்சற்காரரையும் பள்ளிப் பிள்ளையையும் ஒன்றாகவே காணும். நல்ல காவல் நாய்க்கு வேண்டியது பகுத்தறியும் பழக்கம். மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரையில் எவற்றைக் கண்டு அஞ்சாமல் பழகுகிறதோ, அவற்றை அது வாழ்நாள் முழுதும் இயல்பாக ஏற்கும். இப்பருவத்தில் குட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு சரக்குப்பெட்டி ஏற்றிய லாரி, ஆலைச் சங்கொலி, இரயில் ஓசை, மீன்கூடை சுமந்து வரும் பெண்கள், சீருடையணிந்த தொழிலாளர் ஆகியவற்றைக் காட்டிப் பழக்குங்கள். தடுப்பூசி முற்றுப்பெறும்வரை தெரு நாய்கள் நடமாடும் மண்ணில் இறக்கிவிடுதல் மட்டும் வேண்டா. வயற்புறத்தில் ஆட்டுக்குட்டியையும் கோழிக்குஞ்சையும் குட்டி துரத்துவதைக் கண்டு சிரிப்பது, பின்னாளில் கிடைக்கு இழப்பைத் தேடிக்கொள்வதாகும். முதல் துரத்தலிலேயே கயிற்றால் தடுத்து, வேறு வேலையில் ஈடுபடுத்துங்கள்.

சிறு குழந்தையையும் குட்டியையும் பெரியவர் கண்காணிப்பின்றித் தனியே விடலாகாது. உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடாதே, வாலை இழுக்காதே, அது பாய்ந்தால் ஓடாமல் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நில் என்னும் மூன்று பாடங்களையும் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் வேண்டும்.

‘பால்பல் கடிதானே’ என்று விடலாமா?

இதுகாறும் கூறியவை விளையாட்டுக் கடி பற்றியவை. இனிக் கூறப்போவது உயிர் பற்றியது.

குட்டியின் கடிக்கு ஊசி எதற்கு என்று கேட்பவர் பலர். வெறிநோய் எனப்படும் ரேபிஸ், நோயுற்ற விலங்கின் எச்சிலில் உள்ள வைரசால் பரவுகிறது. குட்டிக்கும் இந்நோய் வரும். வெறிநாய் ஒன்று தெருவிலிருந்த குட்டிகளைக் கடித்துச் சென்றது நமக்குத் தெரியாதிருக்கலாம். காயம் சிறிது, பல் சிறிது என்பதெல்லாம் காப்பாகா. வைரஸ் நரம்பின் வழியே மூளையை அடைந்து நோய்க்குறி தோன்றப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். சிலருக்கு மேலும் நெடுங்காலம் ஆவதுண்டு. நோய்க்குறி தோன்றிய பின்னர்ப் பிழைப்பது மிக மிக அரிது. தோன்றுமுன் தடுப்பதோ உறுதியாக இயலும்.

1885 ஜூலை 6இல் பிரான்சில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குத் தடுப்பு மருந்து அளித்துக் காத்தார். நம் நாட்டில் 1900இல் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியிலும், 1907இல் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் எழுந்தன. தொப்புளைச் சுற்றிப் போடும் பதினான்கு ஊசிகளை எண்ணி முதியோர் இன்றும் அஞ்சுகின்றனர். அம்மருந்து நம் நாட்டில் வழக்கொழிந்து பல்லாண்டுகள் ஆகின்றன. இன்று கைத்தோளில் போடும் சில ஊசிகளே. சிறு குழந்தைக்குத் தொடையில் போடுவர்.

கடியோ பற்கீறலோ பட்டால் செய்ய வேண்டியவை இவை. ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். வைரசின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதனைச் சிதைத்துவிடும். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள், மிளகாய்த்தூள், பச்சிலை ஆகியவற்றை அப்பாதீர்கள். இறுகக் கட்டவும் வேண்டா. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இத்தடுப்பூசி கட்டணமின்றிப் போடப்படுகிறது. வடசென்னை மக்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அண்மையில் உள்ளது. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பின்னர் 3, 7, 28ஆம் நாள்கள். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28ஆம் நாள்கள் என்பது வரிசை. தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பு மருந்தும் செலுத்தல் வேண்டும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது நன்று. ஆனால் பத்து நாள் கழித்து ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருத்தல் கூடாது. ஊசியை இடையில் நிறுத்தலாமா என்பதை மருத்துவரே கூறுவார்.

வீட்டுக் குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, மருத்துவர் குறிக்கும் நாளில் மறு ஊசி, பின்னர் ஆண்டுதோறும் ஒன்று என்பதைத் தவறாது போடுதல் வேண்டும். பார்வோ, டிஸ்டம்பர் நோய்களுக்கான ஊசிகள் ஆறு முதல் எட்டு வாரத்திலேயே தொடங்கும். குடற்புழு மருந்தும் இளமையிலேயே தொடங்குதல் வேண்டும். குட்டியின் வயிற்றுப் புழு மண் வழியே நம் குழந்தைகளையும் பற்றக்கூடியது.

முள் சிக்கிய வாயா, நோயுற்ற வாயா?

கடற்கரை ஊர்களில் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வெறிநோய் எப்பொழுதும் பாய்ந்து கடிக்கும் உருவில் வருவதில்லை. ஊமை வெறி என்னும் வகையில் நாய் சோர்ந்து மூலையில் ஒடுங்கும்; கீழ்த்தாடை தொங்கும்; எச்சில் ஒழுகும்; விழுங்க முடியாது; குரல் மாறும். காண்பவருக்குத் தொண்டையில் மீன்முள் சிக்கியது போலவே தோன்றும். குட்டியாயின், பல் முளைப்பதால் எச்சில் வடிகிறது என்று எண்ணவும் கூடும். இரக்கத்தால் விரலை வாயினுள் விட்டு முள்ளைத் தேடுபவர் தம் உயிரையே பணயம் வைக்கிறார்.

வேறுபாட்டை அறிதல் கடினமன்று. பல் முளைக்கும் குட்டி எச்சில் வடித்தாலும் விளையாடும், உண்ணும், பெயர் சொன்னால் ஓடிவரும், பொருளை ஆவலுடன் மெல்லும். வாயை மூட இயலாமல், உணவையும் நீரையும் விழுங்க முடியாமல், குணம் மாறிய குட்டியைத் தொடாமல் தனியறையில் அடைத்துவிட்டு, கால்நடை மருத்துவருக்குச் செய்தி அனுப்புங்கள். எச்சில் கைப்புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தால் அதையும் கடியாகவே கருதி, நன்கு கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அண்மையிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்தையோ, 1903 முதல் வேப்பேரியில் இயங்கிவரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையையோ நாடலாம்.

ஊராட்சி செய்யத் தக்கவை

திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி உள்ளது. அவர்தம் சீடர் பத்திரகிரியார் அரசு துறந்த பின்னரும் ஒரு திருவோட்டையும் ஒரு நாயையும் உடன் வைத்திருந்தார் என்றும், அதனாலேயே அவரைக் குடும்பி என்று குரு சுட்டினார் என்றும் மரபுவழிக் கதை வழங்குகிறது. துறவியே ஆயினும் நாயொன்று வளர்த்தால் அவருக்குக் குடும்பப் பொறுப்பு வந்துவிடுகிறது. நம் போன்றோர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஊரிலுள்ள நாய்கள் அனைத்துக்கும் அவ்வகையில் ஊராட்சியே குடும்பத் தலைமை.

சென்னை மாநகரில் பிடித்த நாய்களைக் கொல்லும் முறையே நெடுங்காலம் இருந்தது. அதனைக் கைவிட்டு, கருத்தடை செய்து தடுப்பூசி போடும் முறையை மாநகராட்சி 1996 முதல் மேற்கொண்டது. மைய அரசு இதற்கென 2001இல் விதிகள் வகுத்தது. 2023இல் அவற்றுக்கு மாற்றாகப் புதிய விதிகள் வந்தன. இவ்விதிகளின்படி தெரு நாய்களின் கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாகும். திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டமையால் அங்குள்ளோர் தத்தம் மண்டல அலுவலகத்தை அணுகலாம். அதற்கு அப்பாலுள்ள ஊர்களில் அப்பொறுப்பு ஊராட்சிகளுடையது.

பெருஞ்செலவின்றிச் செய்யத் தக்கவை சில உள. ஊரில் ஈன்ற நாய்களையும் அவற்றின் குட்டிகளையும் ஒரு குறிப்பேட்டில் பதிவு செய்தால், எட்டு வாரம் நிறைந்த பின்னர்க் குட்டியை வேண்டுவோர்க்கு முறையாகக் கொடுக்கலாம். மூன்றாம் மாதத் தடுப்பூசி நாளையும் அவர்களுக்கு நினைவூட்டலாம். கால்நடை மருந்தகத்துடன் பேசி ஆண்டுக்கு ஒருமுறை தடுப்பூசி முகாம் நடத்தலாம். மீன்கழிவும் இறைச்சிக் கழிவும் தெருவில் குவியாமல் அகற்றினால், பள்ளி வழியிலும் சந்தை வழியிலும் நாய்கள் திரளா. ஈன்ற நாயின் அருகே பிள்ளைகள் செல்லாதவாறு சில வாரங்களுக்குத் தடுப்பு அமைக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி இருப்பில் உள்ளதா என்பதை அவ்வப்பொழுது கேட்டறியலாம்.

பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28 உலக வெறிநோய்த் தடுப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நான்கு நாள் கழித்து, அக்டோபர் 2இல் நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது. குடிநீர், சாலை, விளக்கு ஆகியவற்றுடன் அந்நாளில் இதனையும் ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, ஊரில் எத்தனை குட்டிகள் உள்ளன, அவற்றுள் எத்தனைக்கு ஊசி போடப்பட்டது என்னும் இரண்டு எண்களை மட்டும் சபையில் படிக்கச் செய்யுங்கள். முதலாண்டு அவ்விரண்டு எண்களுக்கும் இடைவெளி மிகுதியாய் இருக்கலாம். அடுத்த அக்டோபருக்குள் அதனைக் குறைப்பது நம் கையில் உள்ளது.